ஆர்மீனியக் கல்லறைக் கல்லையும் பெயரையும் படிப்பது எப்படி

சென்னை பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அரண்மனைக்காரன் தெரு என்றால்தான் வழி சொல்வார்கள். அங்குள்ள புனித மரியாள் தேவாலயம் 1712இல் முதலில் எழுந்து, 1772இல் இப்போதைய இடத்தில் மறுபடி கட்டப்பட்டது. நடக்கும் தரையே கல்லறைக் கற்கள்தான். ஏறக்குறைய 350 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுத்தின் அழகை வியந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கற்களைப் படிக்க மொழிப்புலமை வேண்டியதில்லை. சில விதிகள் தெரிந்தால் ஆண்டு, ஊர், குலம், எந்தத் திருச்சபை ஆகியவற்றைப் பிரித்தெடுக்கலாம். அதே விதிகள் பெய்ரூட்டிலும் மார்சேயிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் உள்ள ஆர்மீனியப் பெயர்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆர்மீனியர் என்றால் யார் என்பதற்கு ஒரே விடை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திருச்சபை ஒரு விடை தந்தது, எழுத்து ஒன்று தந்தது. வணிக நகரம், 1915இல் ஒட்டோமான் துருக்கியில் நடந்த இனப்படுகொலை என்னும் பேரழிவு, சோவியத் குடியரசு ஆகியவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு விடையைச் சேர்த்தன. எந்த விடை எந்தக் குடும்பத்தில் அழுத்தமாகப் பதிந்தது என்பது பெயரிலும் எழுத்துக்கூட்டிலும் தேதியிலும் தெரியும். அதைப் பார்க்காமல் "ஆர்மீனிய நாட்டுக்காரர்" என்று எழுதிவிட்டால் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

கல்லைப் படம் எடுப்பது

முதலில் காப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். சென்னைத் தேவாலயத்தில் வழக்கமான வழிபாட்டுச் சபை இப்போது இல்லை. கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழுதான் அதைப் பராமரிக்கிறது.

தரைக்கல்லில் உச்சி வெயில் எதற்கும் உதவாது. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் வெட்டின் நிழல் மறைந்து எழுத்தே தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் எடுங்கள். நிழலான இடம் என்றால் ஒரு டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போலத் தாழ்த்திப் பிடித்து, இடமிருந்து ஒரு படமும் வலமிருந்து ஒரு படமும் எடுங்கள். ஆர்மீனியப் பெரிய எழுத்துகளில் நிமிர்ந்த கோடுகள் அதிகம். ஒரே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்தின் வாலாக நிற்கும் சின்னக் கிடைக்கோடு மறைந்துவிடும். அந்த வால்தான் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரிப்பது. கல்லின் அருகே அளவுகோலை வையுங்கள். முழுக் கல்லுக்கு ஒரு படம், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் படம்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். கம்பித் தூரிகை எந்தக் கல்லுக்கும் ஆகாது, கருங்கல்லுக்கும்கூட; எழுத்தின் விளிம்பு உதிர்ந்துவிடும்.

முதலில் ஆண்டு

பெயரைவிட ஆண்டைப் படிப்பது எளிது. தவறினாலும் சரிபார்க்க வழி உண்டு.

கி.பி. 405ஐ ஒட்டி மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் வகுத்த 36 எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை: முதல் வரிசை ஒன்றுகள், இரண்டாவது பத்துகள், மூன்றாவது நூறுகள், நான்காவது ஆயிரங்கள்.

ஒன்றுகள்: அய்ப் 1, பென் 2, கிம் 3, தா 4, யெச் 5, ஸா 6, ஏ 7, எத் 8, தோ 9.
பத்துகள்: ஷெ 10, இனி 20, லியுன் 30, ஃகெ 40, ட்ஸா 50, கென் 60, ஹோ 70, ஜ்ஸா 80, காத் 90.
நூறுகள்: ச்சே 100, மென் 200, ஹி 300, நு 400, ஷா 500, வோ 600, சா 700, பே 800, ஜே 900.
ஆயிரத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ர்ரா 1000.

கையில் ஓர் ஆர்மீனிய அரிச்சுவடி அச்சு எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தின் கீழும் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் எப்போதும் இறங்குவரிசையில் வரும்: ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. பூஜ்யம் கிடையாது. பத்துகளின் இடம் காலி என்றால் அங்கே எந்த எழுத்தும் இருக்காது. ர்ரா, மென், யெச் என்று மூன்றே எழுத்து இருந்தால் 1205; அதை 125 என்றோ 1250 என்றோ படிப்பது வழக்கமான தப்பு. இறங்குவரிசை விதி இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். அய்ப், மென், சே (ஆயிர வரிசையில் ர்ராவுக்கு அடுத்தது; 100க்கான ச்சே அல்ல) ஆகிய மூன்று பெரிய எழுத்துகளும் நம் 'ப' போன்ற உடலில் ஒரு சிறு கோடு மட்டும் மாறி நிற்பவை. தேய்ந்த கல்லில் பிரித்தறிய முடியாது. ஆனால் இரண்டாம் இடத்தில் இருப்பது நூறாகத்தான் இருக்க முடியும், ஆகவே அது மென். கடைசி இடத்தில் இருப்பது அய்ப். வோவும் ர்ராவும் கவிழ்த்த 'ப' போல இருக்கும். வலக்காலில் வால் இருந்தால் ர்ரா.

எண்ணாக வரும் எழுத்துகளின் தலைக்கு மேல் பெரும்பாலும் ஒரு கோடு இருக்கும். கோடு இருந்தாலே எண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுருக்கி எழுதிய புனிதச் சொற்களுக்கும், கடவுள், ஆண்டவர் என்பவற்றுக்கும், அதே கோடுதான். ஆண்டுக்கு முன்னால் "த்வின்" என்ற சொல்லைத் தேடுங்கள், "இன்ன ஆண்டில்" என்று பொருள்.

இனி, எந்தச் சகாப்தம் என்பது. இங்கேதான் பலர் 1,064 ஆண்டு வித்தியாசத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

பேராண்டு, அதாவது ஆர்மீனியத் திருச்சபையின் பழைய கணக்கு, கி.பி. 552இல் தொடங்குகிறது. அதோடு 551ஐக் கூட்டுங்கள். ர்ரா, மென், இனி, அய்ப் என்றால் 1221. 551 கூட்டினால் 1772. கி.பி. 1551க்குப் பிந்தைய பேராண்டுத் தேதி எல்லாமே ர்ராவில்தான் தொடங்கும்.

சிற்றாண்டு, அசாரியா கணக்கு என்பது, ஈரானின் இஸ்ஃபஹானை ஒட்டிய புதிய ஜூல்ஃபாவின் ஆர்மீனிய வணிகர்களின் கணக்கு. 1616 அதன் முதலாண்டு. அதோடு 1615ஐக் கூட்டுங்கள். அதே 1772 இதில் 157, அதாவது ச்சே, ட்ஸா, ஏ. சென்னையிலோ கொல்கத்தாவிலோ மூன்றெழுத்துத் தேதி ச்சேயில் தொடங்கினால் சிற்றாண்டுதான். பேராண்டாகக் கொண்டால் ஏழாம் எட்டாம் நூற்றாண்டு வந்துவிடும், அப்போது இங்கே எவரும் அப்படிக் கல் நாட்டவில்லை.

மூன்றாவது வகை கி.பி. ஆண்டே, எழுத்தெண்ணிலோ நாம் எழுதும் எண்ணிலோ. 19ஆம் நூற்றாண்டுக் கற்களில் இது மிகும். பக்கத்திலேயே ஆங்கில வாசகமும் இருக்கும்.

மாதம் குறிப்பிட்டிருந்தால் கவனம். பேராண்டு 365 நாள் மட்டும் கொண்டது, லீப் நாள் இல்லை. நான்காண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆண்டுப்பிறப்பு பின்னால் நகர்ந்துகொண்டே வந்து, 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் செப்டம்பர் வாக்கில் விழுந்தது. செப்டம்பருக்குப் பிந்தைய மாதம் என்றால் 551க்குப் பதில் 550ஐக் கூட்டிப் பாருங்கள். சிற்றாண்டு மார்ச் 21இல் பிறக்கும். ஜனவரி முதல் அதுவரையுள்ள தேதிக்கு 1616. ஐயம் வந்தால் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டையும் சாய்கோடிட்டு எழுதுங்கள். கல்லில் உள்ள எழுத்துகளை அப்படியே வரிசையாகக் குறித்து, கணக்கைத் தனியே எழுதுவது கட்டாயம். கி.பி. ஆண்டை மட்டும் எழுதி வைத்தால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

எந்தச் சகாப்தம் என்பதே ஒரு செய்தி. ஒரே தெருவில் வாழ்ந்த இரு குடும்பங்களில் ஒன்று பேராண்டும் மற்றொன்று சிற்றாண்டும் பொறித்திருந்தால், முதலாமவர் திருச்சபையின் காலக்கணக்கில் நிற்கிறார், அடுத்தவர் இஸ்ஃபஹானின் கணக்குப் புத்தகத்திலிருந்து பேசுகிறார்.

வாசகமும் ஊரும்

பழைய கற்கள் பெரும்பாலும் "அய்ஸ் ஏ தபான்", அதாவது "இது இன்னாரின் கல்லறை", என்று தொடங்கும். பிறகு பெயர். தந்தை பெயரோடு "வோர்தி", மகன், என்ற சொல் வரலாம். இத்தனையும் கிரபார் என்னும் செவ்வியல் ஆர்மீனியத்தில் இருக்கும். பேச்சுமொழியைக் கல்லில் எதிர்பார்க்காதீர்கள்.

தேட வேண்டியது "-எட்சி" அல்லது "-ட்சி" விகுதி. ஊர்க்காரர் என்பதைச் சொல்வது அதுதான். ஜுகாயெட்சி என்றால் ஜூல்ஃபாக்காரர், ஷிராசெட்சி என்றால் ஷிராஸ், யெரெவான்ட்சி என்றால் யெரெவான். சென்னைக் கற்களில் ஜூல்ஃபாதான் மிகுதி. காரணம், 1604-05இல் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரைப் பழைய ஜூல்ஃபாவிலிருந்த ஆர்மீனியரை மொத்தமாக இஸ்ஃபஹானுக்குக் கிளப்பிக்கொண்டு போய், புதிய ஜூல்ஃபாவில் குடியேற்றியது. அங்கிருந்து பட்டு வணிகத்தில் ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை கிளைகள் போயின. 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஏற்பட்ட உடன்படிக்கையில், 40 ஆர்மீனியர் சேர்ந்த ஊரில் கம்பெனியே தேவாலயம் கட்டித் தரும் என்று எழுதியிருந்தார்கள். சென்னைத் தேவாலயத்தின் முன்கதை அதுதான்.

ஆகவே ஜூல்ஃபாக்காரர் என்ற குறிப்பைக் கண்டதும் "ஈரானியர்" என்று எழுதாதீர்கள். மலாக்காவில் கிறிஸ்து ஆலயத்தில் ஒரு கல் இருக்கிறது. சென்னை வணிகர் ஷஹாமிர் ஷஹாமிரியானின் மகன் யாக்கோபு 1774இல் 29 வயதில் அங்கே இறந்தார். பாரசீகத்தின் ஜூல்ஃபாவில், அன்னிய மண்ணில், பிறந்தவன் என்றே அந்தக் கல்லில் அவர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார்; படிக்கிறவரிடம் தன் இனத்தாருக்கு விடுதலை வந்ததா, நல்ல மேய்ப்பன் எவனும் எழுந்தானா என்று கேட்கிறார். பிறந்த ஊரே அன்னியம். தாயகமோ அவர் காலத்தில் பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடையே பங்கு போடப்பட்டிருந்த நிலம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் அச்சகம் இருந்தது. 1772இல் சென்னையில் ஷஹாமிரியான் அச்சகம் வெளியிட்ட 'புதிய கையேடு', வரலாற்றைச் சொல்லி இளைஞரை விடுதலைக்குத் தூண்டியது. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப் பீடமான எட்ச்மியாட்சினின் கத்தோலிக்கோஸ், அதாவது திருச்சபைத் தலைவர், சிமியோன் அதைக் கண்டித்து எரிக்கச் சொன்னார். 'புகழின் பொறி' என்ற நூல், 521 பிரிவுகளோடு, வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கான சட்டத்தையே வரைந்தது; முகப்பில் 1773 என்று இருந்தாலும் அச்சானது அதற்குப் பல ஆண்டு கழித்து என்பது ஆய்வாளர் கருத்து. 1794 அக்டோபரில் ஹருத்யுன் ஷ்மவோனியான் பாதிரியார், ஷிராஸ்காரர், இதே சென்னையில் 'அஸ்தராரை'த் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் அது. 1796 வரை 18 இதழ் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு தேதிகளைப் பாருங்கள். 1770க்கு முந்தைய கல்லில் அடையாளம் என்பது சபையும் ஊரும். அதற்குப் பிந்தையதில் "இனம்" என்ற சொல்லுக்கு அரசியல் எடை ஏறியிருக்கலாம்.

பழைய ஜூல்ஃபாவின் இடுகாட்டில் ஆயிரக்கணக்கான கச்கார், அதாவது சிலுவைக்கற்கள், நின்றன. நகிச்செவானில் அஜர்பைஜான் ஆட்சிப் பகுதியில் இருந்த அவை 2005 டிசம்பரில் முற்றிலும் இடிக்கப்பட்டன. இடித்த காட்சி ஈரான் கரையிலிருந்து படமாக்கப்பட்டது, அஜர்பைஜான் அரசு மறுக்கிறது. சென்னையிலும் இஸ்ஃபஹானிலும் மலாக்காவிலும் உள்ள ஜூல்ஃபாக் கற்களைக் கவனமாகப் பதிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

தேவாலயத்தோடு நிறுத்திவிட வேண்டாம். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726இல் மர்மலாங் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். அதன் கல்வெட்டு ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என மூன்று மொழியில் இருக்கிறது. பறங்கிமலைப் படிக்கட்டும் அவர் போட்டதே. தேவாலய மணிக்கூண்டின் மணிகளையும் விடாதீர்கள்: 1837இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் வார்த்த மணியும் அங்குண்டு, தமிழ் எழுத்துள்ள மணியும் உண்டு.

பெயரின் ஒலி

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கென்றே ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆர்மீனியத்தில் கிழக்கு, மேற்கு என இரண்டு இலக்கிய மொழிகள். கிழக்கு: இன்றைய ஆர்மீனியா, ஈரான், ரஷ்யா, பழைய இந்தியக் குடியேற்றம். மேற்கு: இஸ்தான்புல்லும் அனத்தோலியாவும், அங்கிருந்து சிதறிய லெபனான், சிரியா, பிரான்ஸ், அமெரிக்கா. எழுத்து ஒன்றே, ஒலி தலைகீழ். கிழக்கில் 'பாட்டி'யின் ப என்றால் மேற்கில் 'தம்பி'யின் ப. கிழக்கில் 'தங்கை'யின் தொடக்கத் த என்றால் மேற்கில் 'பந்து'வின் த. 'கல்'லின் க, 'தங்க'த்தின் க. 'பச்சை'யின் ச, 'மஞ்ச'ளின் ச எல்லாமே இப்படி இடம் மாறும். எதிர்த் திசையிலும் அப்படியே.

பெத்ரோஸ், கிரிகோர், கரபெத், ஹகோப், திக்ரான், போகோஸ், கெவோர்க் ஆகிய ஏழு பெயரும் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. லத்தீன் எழுத்தில் எழுதினால் வேறு வேறாகத் தெரியும். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் க, ச, த, ப இரண்டு ஒலியையும் தாங்குவதால் குடும்பம் கிழக்கா மேற்கா என்ற தடயமே அழிந்துபோகும். எனவே ஆவணத்தில் உள்ள லத்தீன் எழுத்துக்கூட்டை மாற்றாமல் படியெடுங்கள். தமிழ் வடிவத்துக்குப் பக்கத்தில் 'கி' அல்லது 'மே' என்று குறியுங்கள்.

இந்தியாவில் ஆங்கிலேயர் கையில் பெயர்கள் மேலும் உருமாறின. ஹருத்யுன் அராத்தூன் ஆனது, ஷஹாமிர் ஷமியர் ஆனது. 1846இல் கல்கத்தாவில் பிறந்து ஹாங்காங்கில் பெருந்தனக்காரரான பால் சேட்டரின் குடும்பப்பெயர் அஸ்த்வத்சதூர் என்பதன் வால் மட்டும்தான். தந்தையின் பெயரே மகனுக்குக் குடும்பப்பெயராவதும் இங்கே வழக்கம், நம் இனிஷியலைப் போல. ஆகவே யோஹன்னஸ் கிரிகோரியும் கிரிகோரி யோஹன்னஸும் அப்பன் பிள்ளையாக இருக்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப்பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் வம்சாவளி போட்டால் ஒரே குடும்பம் மூன்றாகிவிடும்.

குடும்பப்பெயரின் விகுதி

"-யான்" என்றால் "இன்னார் வழியினர்". அதற்கு முன்னால் உள்ள வேர்தான் தகவல்.

துருக்கி, அரபு வேர்கொண்ட தொழிற்பெயர்கள் ஒட்டோமான் நகரங்களிலிருந்து வந்தவை: தெமிர்ஜியான் கொல்லர், தெர்சியான் தையற்காரர், எக்மெக்ஜியான் ரொட்டி சுடுபவர், குயும்ஜியான் பொற்கொல்லர், நஜாரியான் தச்சர். வேர் துருக்கியாக இருப்பதால் அவர்கள் ஆர்மீனியர் அல்லர் என்று முடிவு செய்வது அபத்தம். அன்றைய கடைத்தெருவின் மொழி துருக்கி, அவ்வளவுதான். முன்னொட்டு "தெர்" என்றால் முன்னோரில் ஒரு குருவானவர் உண்டு. ஆர்மீனியத் திருச்சபையில் பங்குக் குருக்கள் மணமுடிக்கலாம். "மெலிக்" என்றால் கராபாக் பக்கத்துச் சிற்றரசர் மரபு. "-உன்ட்ஸ்" என்று முடிந்தால் சியுனிக், கராபாக் மலைப்பகுதி. "கோஜா" குடும்பப்பெயர் அல்ல, பெருவணிகரின் பட்டம்.

விகுதி இல்லாமலும் இருக்கலாம். ரஷ்யப் பேரரசில் "-ஓவ்", "-எவ்" ஒட்டியது. 1815இல் மாஸ்கோவில் புகழ்பெற்ற ஆர்மீனியக் கல்வி நிலையத்தை நிறுவிய லாசரெவ் குடும்பம் ஓர் எடுத்துக்காட்டு. துருக்கியில் 1934 குடும்பப்பெயர்ச் சட்டத்துக்குப் பிறகு பலர் "-யான்" இல்லாத பெயருக்கு மாறினர். ஆகவே விகுதி இல்லாததை வைத்து ஒருவரை விலக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டு

அச்சிட்ட நூலோ கடிதமோ கிடைத்தால் "-யான்" விகுதியை ஆர்மீனிய எழுத்தில் தேடுங்கள். யெச், அய்ப், நு என மூன்றெழுத்து என்றால் பழைய எழுத்துக்கூட்டு. ஹி, அய்ப், நு என்றால் 1922இல் சோவியத் ஆர்மீனியா கொண்டுவந்த சீர்திருத்தம். 1940இல் அதில் சிலவற்றை மறுபடி மாற்றினார்கள். புலம்பெயர்ந்தோர் அதை ஏற்கவில்லை. லெபனானும் பிரான்ஸும் மட்டுமல்ல, கிழக்கு ஆர்மீனியம் பேசும் ஈரானும் இன்றுவரை பழைய கூட்டில்தான் எழுதுகிறது.

அடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். நிகழ்காலத்தில் வினை "-உம்" என்று முடிந்து "எம்" முதலிய துணைவினை வந்தால் கிழக்கு; வினைக்கு முன்னால் "க" என்ற சிறு சொல் நின்றால் மேற்கு. இரண்டையும் சேர்த்தால் இடம் விழுந்துவிடும். புதிய கூட்டு என்றால் ஆர்மீனியா அல்லது சோவியத் நிலம். பழைய கூட்டு, மேற்கு மொழி என்றால் ஒட்டோமான் வழிப் புலம்பெயர்வு. பழைய கூட்டு, கிழக்கு மொழி என்றால் ஈரான், அல்லது 1922க்கு முந்தைய எழுத்து. மேற்கு ஆர்மீனியத்தை யுனெஸ்கோ 2010இல் அழிநிலையில் உள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. எனவே மேற்கு மொழியில் ஒரு குடும்பக் கடிதம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

சபையும் கொடியும்

கிறிஸ்துமஸ் ஜனவரி 6 என்றால் ஆர்மீனியத் திருத்தூதுத் திருச்சபை. 1923இல் அச்சபை கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. எருசலேம் மட்டும் பழையதை வைத்திருப்பதால் அங்கே அந்நாள் ஜனவரி 19இல் விழும்.

ஆனால் எல்லா ஆர்மீனியரும் அச்சபையினர் அல்லர். மேலே சொன்ன பெத்ரூஸ் உஸ்கான் கத்தோலிக்கர். ஆர்மீனியக் கத்தோலிக்க மறைமுதுவர் பீடம் 1742இலும், ஆர்மீனிய எவாஞ்சலிக்கல் சபை 1846இல் கான்ஸ்டான்டினோபிளிலும் அமைந்தன. வெனிஸ் பக்கத்தில் சான் லாசரோ தீவில் 1717இல் குடியேறிய மெகித்தாரியத் துறவிகள் கத்தோலிக்கர்தான். மிக்காயேல் சாம்ச்சியான் 1784-86இல் மூன்று தொகுதியாக எழுதிய ஆர்மீனிய வரலாறு அந்த மடத்தில் பிறந்தது. சபை மாறினால் இனம் மாறியது என்று எழுதுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டு ஆவணம் என்றால், அந்தப் பங்குத்தேவாலயம் எந்தத் தலைமையின் கீழ் என்று கேளுங்கள்: எட்ச்மியாட்சினா, சிலிசியாவா? சிலிசியக் கத்தோலிக்கோஸ் பீடம் சிஸ் நகரத்தை இழந்து 1930இல் லெபனானின் அந்தெலியாஸில் நிலைகொண்டது. அமெரிக்காவில் பிளவு ரத்தத்தில் தொடங்கியது. 1918-20 குடியரசின் சிவப்பு, நீலம், ஆரஞ்சுக் கொடியை, அக்குடியரசை ஆண்ட தேசியவாதக் கட்சியான தஷ்னாக் கட்சியினர் தங்கள் கொடியாகக் காத்தார்கள். எட்ச்மியாட்சினோ சோவியத் ஆட்சிக்குள். 1933இல் சிக்காகோ விழாவில் அந்தக் கொடியை எடுக்கச் சொன்ன பேராயர் துரியான், அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று நியூயார்க்கில் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். பிரிந்து நின்ற சபைகள் 1957இல் அந்தெலியாஸின் கீழ் வந்தன. இன்று அது ஆர்மீனியாவின் தேசியக் கொடி, எல்லாரும் ஏற்றுகிறார்கள். ஆனால் 1950களின் புகைப்படத்தில் அந்தக் கொடி தெரிந்தால் பெரும்பாலும் தஷ்னாக் பக்கம் என்று குறித்துக்கொள்ளலாம். ஹொமெனெத்மென் விளையாட்டுக் கழகமும் ஹமஸ்காயின் பண்பாட்டுக் கழகமும் அதே வட்டம். 1906இல் கெய்ரோவில் தொடங்கிய ஆர்மீனியப் பொது நல்வாழ்வுச் சங்கம் மறுபக்கத்தோடு நெருக்கம்.

பிறந்த ஊர் என்ற கட்டம்

படிவத்தில் மிகவும் ஏமாற்றும் கட்டம் இதுதான். "நோர்" என்று தொடங்கும் ஊர்ப்பெயர், அதாவது புதிய, எதைக் கண்டாலும் நிறுத்தி யோசியுங்கள். பழையது எங்கோ பறிபோயிருக்கிறது. நோர் ஜுகா, அதாவது புதிய ஜூல்ஃபா, தெரியும். கிரிமியாவிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் 1779இல் தோன் ஆற்றருகே அமைத்தது நோர் நகிச்செவான். பெய்ரூட்டின் பூர்ஜ் ஹமூதில் நோர் மராஷ். யெரெவானில் "நோர்" இல்லாமலே அராப்கிர், மலாத்தியா என்று பேட்டைகள் உள்ளன. மராஷ், அராப்கிர், மலாத்தியா என்ற மூல ஊர்கள் மூன்றும் இன்றைய துருக்கியில்.

இதிலிருந்து பெறும் விதி: 1915இல் உயிர்தப்பியவர்களின் வழிவந்தோருக்குத் தாயகம் என்பது பெரும்பாலும் இன்றைய ஆர்மீனியக் குடியரசு அல்ல, கர்பெர்த், மராஷ், வான், சிவாஸ் போன்ற இடங்கள். குடியரசோ ரஷ்யப் பேரரசின் கிழக்கு ஆர்மீனியாவிலிருந்து 1918 மே 28இல் பிறந்து, 1920இல் சோவியத் ஆகி, 1991 செப்டம்பர் 21 வாக்கெடுப்பில் விடுதலை பெற்றது. "உங்கள் நாடு எது?" என்று கேட்டால் பாஸ்போர்ட் விடை வரும். "தாத்தா பாட்டி எந்த ஊர்க்காரர்?" என்று கேளுங்கள்.

1946-48இல் ஏறக்குறைய 90,000 பேர் சிரியா, லெபனான், கிரீஸ், பிரான்ஸ், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து சோவியத் ஆர்மீனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் 1949இல் சைபீரியாவின் அல்தாய்க்கு நாடுகடத்தப்பட்டனர். பின்னாளில் பலர் அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் போனார்கள். ஆகவே ஒருவரின் பிறப்பு அலெப்போ, பள்ளி யெரெவான், இறப்பு லாஸ் ஏஞ்சலஸ் என்று இருந்தால் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அஜர்பைஜானின் பாகு, சும்காயித் நகரங்கள் பிறந்த ஊராக இருந்து 1988-90இல் வசிப்பிடம் மாறினால் அது கலவரத்தில் வெளியேறியது. கராபாக்கின் தலைநகராக இருந்த ஸ்தெபனகெர்த்திலிருந்து 2023 செப்டம்பரில் மாறினால், கராபாக்கிலிருந்து ஒரே வாரத்தில் வெளியேறிய 1,00,000க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்.

ஏப்ரல் 24, அதாவது 1915 இனப்படுகொலையின் நினைவு நாள், பொறித்த நினைவுக்கல்லின் ஆண்டையும் பாருங்கள். 1965இல் யெரெவானில் பெருந்திரள் தெருவில் இறங்கி, 1967இல் சித்செர்னகபெர்த் நினைவிடம் எழுந்த பிறகுதான் ஊர்தோறும் இந்தக் கற்கள் பெருகின. அந்த 50ஆம் ஆண்டுக்கு முந்தைய கல் ஒன்று கிடைத்தால் அது அரிது, தனியாகப் பதிவு செய்யுங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு கல்லுக்கும் அல்லது பெயருக்கும் ஒரு தாள். மேலே ஆர்மீனிய எழுத்தில் படியெடுத்த வாசகம், தெரியாத எழுத்துக்குப் புள்ளி. அதன் கீழே எண்ணெழுத்துகள், அடுத்து சகாப்தம், அடுத்து கி.பி. ஆண்டு. பிறகு ஆவணத்தில் கண்டபடி பெயர், கிழக்கா மேற்கா, விகுதி, "-எட்சி" ஊர், சபை. ஊரின் பெயரை அன்றைய பெயரிலேயே எழுதி, இன்றைய நாட்டை அடைப்புக்குள் போடுங்கள். கான்ஸ்டான்டினோபிளை இஸ்தான்புல் என்று மாற்றி எழுதிவிட்டால் பழைய பதிவேட்டில் தேட முடியாது. எதிலிருந்து ஊகித்தீர்கள் என்பதற்கு ஒரு தனிக் கட்டம் வையுங்கள்: ஒலியிலிருந்தா, கூட்டிலிருந்தா, கொடியிலிருந்தா.

ஒரே ஒரு தடயத்தை வைத்து எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம். இரண்டு ஒத்துப்போனால் பென்சிலில், மூன்று ஒத்துப்போனால் மையில். சென்னைக் குடும்பம் என்றால் அடுத்த படி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 18ஆம் நூற்றாண்டு மேயர் நீதிமன்றப் பதிவுகளில் ஆர்மீனிய வணிகர் உயில்கள் உண்டு. கேட்கும்போது ஆங்கிலேயர் எழுதிய வடிவத்தில், ஷமியர், உஸ்கான், அராத்தூன் என்றே கேளுங்கள். "-யான்" சேர்த்துக் கேட்டால் பட்டியலில் அகப்படாது.